ராஜநாகம் ஏன் அப்படி நடந்துகொள்கிறது?

பாம்புக் காணொளி எதுவாக இருந்தாலும் சரி, அதில் கொஞ்சம் பெரிய பாம்பு வந்துவிட்டால் கீழே ‘ராஜநாகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். வளர்ந்த சாரை, கறுத்த நல்லபாம்பு எல்லாம் இப்படிப் பதவி உயர்வு பெற்றுவிடுகின்றன. கூடவே சில செய்திகளும் சுற்றுகின்றன: ஆளைக் கண்டால் துரத்தும், ஒரே கடியில் யானையே சாயும், ஜோடியைக் கொன்றால் பழிவாங்க வரும், மகுடிக்கு மயங்கும். இவற்றில் யானை பற்றிய செய்தியில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. அதற்கும் பலர் சொல்லும் காரணம் தவறு.

ராஜநாகத்தைப் புரிந்துகொள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். அது மற்றப் பாம்புகளைத் தின்று பிழைக்கும் பாம்பு. பகலில் திரிவது, வெகுதூரம் அலைவது, வீட்டுக்குள் நுழைவது, மனிதனைக் கடிக்கத் தயங்குவது என்று அதன் பழக்கங்களில் பெரும்பாலானவற்றை அங்கிருந்தே விளக்கிவிடலாம். கூடு கட்டுவது மட்டும் தனிக் கதை. அதைப் பிறகு பார்ப்போம்.

நல்லபாம்பின் அண்ணன் அல்ல

இரண்டும் படம் எடுக்கும், இரண்டுக்கும் நஞ்சு உண்டு என்பதால் ராஜநாகத்தைப் பெரிய நல்லபாம்பாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நல்லபாம்பு ‘நாஜா’ என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பேரினம் என்றால் நெருங்கிய உறவுள்ள இனங்களை ஒரே கூரையின் கீழ் வைக்கும் பிரிவு. ராஜநாகம் அந்தக் கூரையின் கீழ் இல்லை. ‘ஓஃபியோஃபேகஸ்’ என்ற தனிப் பேரினம் அதற்கு. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு வீடு. கட்டுவிரியனும் அதே குடும்பம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த உறவு எவ்வளவு தூரத்து உறவு என்பது புரியும்.

1836இல் தியோடர் கேண்டர் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன்பின் இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை இருப்பது ஒரே இனம் என்றே கருதப்பட்டது. மரபணுவையும் உடல் அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2024இல் அதை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்கு ஓஃபியோஃபேகஸ் காளிங்கா என்று பெயர். கன்னடத்தில் இந்தப் பாம்புக்குக் காளிங்க சர்ப்பம் என்றே வழக்கு. வடகிழக்கு இந்தியா, இமயமலை அடிவாரம், கிழக்குத் தொடர்ச்சி மலை, அந்தமான் ஆகிய இடங்களில் இருப்பது பழைய பெயரையே தக்கவைத்துக்கொண்ட ஓஃபியோஃபேகஸ் ஹன்னா. மலேசியா, சிங்கப்பூர் பக்கம் இருப்பது மூன்றாவது இனம். நான்காவது, பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கு உரியது.

தமிழ்நாட்டில் இது மலைக்காட்டுப் பாம்பு. ஆனைமலை, களக்காடு முண்டந்துறை, அகத்தியமலை, நீலகிரியின் கூடலூர்ச் சரிவு போன்ற ஈரமான காடுகளிலும், அவற்றை ஒட்டிய தேயிலை, காப்பித் தோட்டங்களிலும் வாழ்கிறது. திருச்சியிலோ மதுரையிலோ வீட்டுக் கொல்லையில் ராஜநாகம் வந்தது என்றால், யாரோ கொண்டுவந்து விட்டதாக இருக்க வேண்டும். இல்லையேல் அது வேறு பாம்பு. இலங்கையில் ராஜநாகம் இயற்கையாக இல்லவே இல்லை.

அடையாளம் காண நிறத்தை நம்ப வேண்டாம். பழுப்பு, ஆலிவ், கறுப்பு என்று இடத்துக்கு இடம் மாறும். பார்க்க வேண்டியது வேறு. வளர்ந்த பாம்பின் உடலில் மங்கலான வெளிர் பட்டைகள் குறுக்கே ஓடும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாம்பில் அந்தப் பட்டைகளுக்குக் கறுப்புக் கரை இருக்காது. தொண்டை மஞ்சளோ ஆரஞ்சோ கலந்திருக்கும். படம் நல்லபாம்பினுடையதைப் போல அகலமாக விரியாது, ஒடுங்கி நீண்டு இருக்கும். பின்புறத்தில் மூக்குக்கண்ணாடிக் குறி கிடையாது. தலை உச்சிக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பெரிய செதில்கள் ஒட்டினாற்போல் அமைந்திருக்கும். நல்லபாம்புக்கு இவை இல்லை. உறுதியான அடையாளம் இதுதான், ஆனால் அதைப் பார்க்கும் அளவுக்கு யாரும் கிட்டே போகத் தேவையில்லை. செத்த பாம்பையோ நல்ல புகைப்படத்தையோ வைத்துச் சரிபார்க்கப் பயன்படும்.

நீளம் பெரும்பாலும் 3 முதல் 4 மீட்டர். நச்சுப்பாம்புகளில் உலகிலேயே நீளமானது இதுதான். மலாயாவில் பிடிபட்டு லண்டன் விலங்குக்காட்சி சாலையில் வளர்ந்த ஒரு பாம்பு, 1939 வாக்கில் 5.71 மீட்டரை எட்டியது. அது விதிவிலக்கு. ‘இருபது அடி’ என்று ஊரில் சொல்வதைப் பெரும்பாலும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பயத்தில் பாம்பு எப்போதும் நீண்டுவிடும்.

சுருக்கமாக: ராஜநாகம் தனிப் பேரினம், மலைக்காடுகளில் வாழ்வது, நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாதது.

தட்டில் இருப்பது பாம்பு

நல்லபாம்பு எலி, தவளை, பல்லி என்று கிடைப்பதைத் தின்னும். ராஜநாகத்துக்கு முதன்மை உணவு பாம்பு. சாரைதான் அடிக்கடி மாட்டுகிறது. நல்லபாம்பு, குழிவிரியன், சிறிய மலைப்பாம்பு ஆகியவற்றையும் விடுவதில்லை. உடும்பையும் தின்னும். தன் இனத்தையே தின்பதும் உண்டு. இந்த உணவுப் பழக்கத்திலிருந்து என்னென்ன விளைகின்றன என்று பார்த்தால் பாம்பின் குணம் பாதி புரிந்துவிடும்.

முதலில், நேரம். சாரை பகலில் இரை தேடும் பாம்பு. அதைப் பிடிக்க வேண்டுமானால் வேட்டைக்காரனும் பகலில்தான் வெளியே வர வேண்டும். கட்டுவிரியனைப் போல இரவில் படுக்கைக்குள் நுழையும் பழக்கம் ராஜநாகத்துக்கு இல்லாததற்கு இது ஒரு காரணம். மற்றப் பாம்புகளோடு ஒப்பிட்டால் அதன் கண்பார்வையும் நன்றாகவே இருக்கும். தூரத்தில் ஏதாவது அசைந்தால் கவனித்துவிடும்.

அடுத்து, தூரம். ஒரு காட்டில் எலிகள் ஏராளம். எலியைத் தின்னும் பாம்புகள் அதைவிடக் குறைவு. அந்தப் பாம்புகளைத் தின்னும் பாம்பு இன்னும் குறைவாகத்தான் இருக்க முடியும். எனவே ஒவ்வொன்றுக்கும் பெரிய வேட்டைப் பரப்பு தேவைப்படுகிறது. கர்நாடகத்தின் அகும்பேயில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 2005இல் தொடங்கிய மழைக்காட்டு ஆய்வு நிலையத்தில், ராஜநாகங்களின் உடலுக்குள் சிறிய வானொலிக் கருவியை அறுவை சிகிச்சை செய்து வைத்து, அலைவரிசையைப் பின்தொடர்ந்து அவற்றின் போக்கைக் குறித்தார்கள். தாய்லாந்தின் சகேராத் காட்டிலும் இதே முறையில் நீண்ட ஆய்வு நடந்தது. காடு, வயல், ஓடை, தோட்டம் என்று எல்லைகளைப் பொருட்படுத்தாமல் இவை சுற்றுவது இப்படித்தான் தெளிவாயிற்று. மலையோரக் கிராமங்களில் ராஜநாகம் தென்படுவதை ‘ஊருக்குள் புகுந்துவிட்டது’ என்று செய்தியில் போடுகிறார்கள். பாம்பின் கணக்கில் ஊரும் அதன் வேட்டைப் பரப்பின் ஒரு மூலை, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் வருவதும் இதே சங்கிலிதான். நெல், தீவனம், குப்பை இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலியைத் தேடிச் சாரை வரும். சாரையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு ராஜநாகம் வரும். விறகு அடுக்கிலோ மாட்டுக்கொட்டகையிலோ ராஜநாகம் கிடந்தால், பெரும்பாலும் அங்கே முன்னதாக இன்னொரு பாம்பு போயிருக்கும். கோழி பிடிக்க வந்தது, பால் குடிக்க வந்தது என்பதெல்லாம் நாமாகச் சேர்ப்பது. பாலைப் பாம்பு தேடி வந்து குடிப்பதில்லை.

வேட்டை முடிவது எப்படி என்பதையும் பார்க்கலாம். சாரையை எட்டிப் பிடித்ததும் ராஜநாகம் கடித்துவிட்டுப் பின்வாங்குவதில்லை. விரியன்கள் ஒரு கொத்து கொத்திவிட்டு, நஞ்சு ஏறிய எலியைப் பிறகு மோப்பம் பிடித்துப் போகும். ராஜநாகம் கவ்விய பிடியை விடாது. தாடையை மெல்லுவதுபோல அசைத்து அசைத்து நஞ்சை இறக்கும். சாரை சுருண்டு வாலால் அடிக்கும், எதிர்த்துக் கடிக்கவும் பார்க்கும். அசைவு தளர்ந்ததும் ராஜநாகம் தன் வாயை இரையின் உடல் நெடுகிலும் நகர்த்தித் தலையைத் தேடிப் போகும். செதில்கள் தலையிலிருந்து வாலை நோக்கிப் படிந்திருப்பதால், தலைப்பக்கமிருந்து விழுங்கினால்தான் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். தாடையின் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி முன்னேறி இரையின் மேல் ‘நடக்கும்’. பெரிய இரையானால் இது நீண்ட நேரம் பிடிக்கும் வேலை. அந்த நேரத்தில் யாராவது நெருங்கி வந்தால், பாதி விழுங்கியதைக் கக்கிவிட்டு ஓடிவிடும். நாள்கணக்கில் தேடிய உணவு போய்விடும். கூட்டம் கூடிச் செல்போனில் படம் பிடிப்பது பாம்புக்குச் செய்யும் மிகப் பெரிய கெடுதல்களில் ஒன்று.

ஒரு பெரிய சாரை உள்ளே போய்விட்டால் வாரக்கணக்கில் வேறு தீனி வேண்டாம். பாம்பு தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள உணவை எரிப்பதில்லை, வெயிலைப் பயன்படுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு குறைவான உணவில் காலம் தள்ளுகிறது.

சாரையும் நாகமும் பின்னிப் பிணைந்து சேரும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடலாம். அப்படிக் காணப்படும் காட்சி பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பலப்பரீட்சை செய்வது. ராஜநாகத்துக்கும் சாரைக்கும் இடையில் இருக்கும் ஒரே உறவு, மேலே சொன்ன உறவு.

நாக்கு சொல்லும் வழி

இரை போன தடத்தை ராஜநாகம் கண்டுபிடிப்பது நாக்கால். பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து காற்றிலும் தரையிலும் உள்ள வாசனைத் துகள்களைச் சேகரிக்கும். வாய்க்குள் போனதும் அவை மேல் அண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பைச் சென்றடையும். வாசனையைப் பிரித்தறியும் தனி உறுப்பு அது. நாக்கின் இரண்டு நுனிகளும் இரண்டு இடங்களைத் தொடுகின்றன. எந்தப் பக்கம் வாசனை அதிகமோ அந்தப் பக்கம் பாம்பு திரும்பும். நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும் பாம்பு கோபத்தில் இல்லை. அது முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

பெண் பாம்பு இனப்பெருக்கக் காலத்தில் விட்டுச்செல்லும் வாசனையையும் ஆண்கள் இப்படித்தான் பின்பற்றுகின்றன. ஒரே தடத்தில் இரண்டு ஆண்கள் வந்து சேர்ந்தால் மல்லுக்கட்டு நடக்கும். கடிப்பதில்லை, உடலைப் பின்னிக்கொண்டு எதிராளியின் தலையைத் தரையில் அழுத்துவதே போட்டி. அழுத்தப்பட்டது விலகிப் போய்விடும். ராஜநாகத்தில் ஆண்தான் பெரியது. பாம்புகளில் பல இனங்களில் பெண் பெரிதாக இருக்கும் என்பதால் இது கவனிக்கத்தக்கது. மல்யுத்தத்தில் பெரிய உடல் வெல்லும் என்பது இதற்குப் பொருத்தமான விளக்கம்.

பழிவாங்கும் கதைக்கும் ஒருவேளை இந்த வாசனைதான் மூலம். பெண் பாம்பை அடித்துக் கொன்ற இடத்துக்கு, அதன் தடத்தை ஏற்கெனவே பின்தொடர்ந்துகொண்டிருந்த ஆண் வந்து சேரலாம். கொன்ற ஆளின் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு வரும் மூளை அமைப்பு பாம்புக்கு இல்லை.

எழுந்து நிற்பது எதற்கு?

ராஜநாகம் தன் உடலில் மூன்றில் ஒரு பங்கு வரை நிமிர்த்தும். 4 மீட்டர்ப் பாம்பு என்றால் தலை 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நம் நெஞ்சு அளவில் நிற்கும். அந்த நிலையிலேயே முன்னோக்கி நகரவும் முடியும். பார்ப்பவருக்குக் கை கால் உதறுவது நியாயம்தான். ஆனால் நிமிர்வது தாக்குதலின் தொடக்கம் என்று கொள்ளக் கூடாது, அது எச்சரிக்கை.

வரிசை பெரும்பாலும் இப்படிப் போகும். மனிதரை உணர்ந்ததும் முதலில் அசையாமல் இருக்கும், அல்லது ஓசையின்றி விலகும். விலக வழி இல்லை என்றால் நிமிர்ந்து படம் எடுக்கும். கழுத்தில் உள்ள நீண்ட விலா எலும்புகளை விரித்துத் தோலை இழுப்பதே படம். கூடவே ஒலி எழுப்பும். மற்றப் பாம்புகளின் சீறல் 3,000 முதல் 13,000 ஹெர்ட்ஸ் வரையிலான மெல்லிய ‘ஸ்ஸ்’. ராஜநாகத்தின் ஒலி 2,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பெரும்பகுதி 600 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அதன் மூச்சுக்குழாயை ஒட்டிச் சிறு சிறு பைகள் இருக்கின்றன. காற்று வெளியேறும்போது அவை சேர்ந்து அதிர்ந்து ஒலியைத் தடிக்கச் செய்கின்றன. அதனால்தான் நாய் உறுமுவதுபோல் கேட்கிறது. இதற்கும் எதிரில் நிற்பவர் விலகாவிட்டால் பாய்வதுபோலப் போக்குக் காட்டும். சில நேரம் வாயை மூடிக்கொண்டே முட்டும். கடி கடைசியில்தான்.

ஏன் இவ்வளவு தயக்கம்? நஞ்சு இரைக்கானது. மனிதனை விழுங்க முடியாது. அவனிடம் செலவழித்த நஞ்சு வீண், மீண்டும் ஊறக் காலம் எடுக்கும். தவிர, பெரிய விலங்கோடு மோதினால் மிதிபட்டுச் சாகும் வாய்ப்பும் உண்டு. தாடை எலும்பு ஒன்று உடைந்தாலே அதன் பிழைப்பு போய்விடும்.

‘துரத்தியது’ என்ற புகாரில் பெரும்பாலும் ஓர் எளிய குழப்பம் இருக்கிறது. பாம்பு தப்பிக்க நினைத்த புதரோ பொந்தோ மனிதருக்குப் பின்னால் இருக்கும். பாம்பு அங்கே ஓடுகிறது; மனிதரும் அதே திசையில் ஓடுகிறார். முன்னால் ஓடுபவருக்கு அது துரத்தலாகத்தான் தெரியும். கூட்டுக்கு அருகில் இருக்கும் பெண் பாம்பு மட்டும் சற்று வேறு. அது சில அடிகள் முன்னேறி வந்து விரட்டலாம். அப்போதும் கூட்டை விட்டு வெகுதூரம் வராது.

மகுடியைப் பொறுத்தவரை, பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரை அதிர்வையும் தாழ்ந்த ஒலியையும் தாடை எலும்பு வழியாக உள்காது உணரும். மகுடியின் முன் ஆடும் பாம்பு இசைக்கு ஆடுவதில்லை, ஆட்டும் கையின் அசைவைத் தொடர்கிறது.

சுருக்கமாக: நிமிர்வு, படம், உறுமல், பொய்ப்பாய்ச்சல் எல்லாமே ‘விலகிப் போ’ என்பதன் வெவ்வேறு அளவுகள்.

நஞ்சு: வீரியமா, அளவா?

துளிக்குத் துளி ஒப்பிட்டால் ராஜநாகத்தின் நஞ்சு நல்லபாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சைவிட வீரியம் குறைந்தது. இதைக் கேட்டால் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஆபத்து அளவில் இருக்கிறது. பெரிய தலை, பெரிய நச்சுப்பை, பிடித்தால் விடாத கடி. எனவே ஒரே கடியில் உள்ளே போகும் நஞ்சு மிக அதிகம். யானை சாயும் என்ற பேச்சுக்கு அடிப்படை இதுதான். நச்சுப்பற்களோ சுமார் 1 சென்டிமீட்டர்தான். முன்வாயில் நிலையாக நிற்பவை, விரியனுடையவை போல மடங்கி விரிபவை அல்ல.

உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். கையை அசைக்க மூளை கட்டளை இட்டால் அது நரம்பின் முனை வரை மின்சாரமாகப் போகிறது. நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பு அதில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தூவுகிறது. தசையில் அதை வாங்கிக்கொள்ளும் இடங்கள் உள்ளன. அவற்றுக்கு ஏற்பி என்று பெயர். ஏற்பியில் அசிட்டைல்கோலின் அமர்ந்தால் தசை சுருங்கும். ராஜநாக நஞ்சின் முக்கியப் புரதங்கள் அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பூட்டின் துவாரத்தில் யாரோ குச்சியை ஒடித்து வைத்துவிட்டதுபோல: சாவி சரியாக இருக்கிறது, பூட்டும் பழுதில்லை, ஆனால் சாவி நுழையாது. மூளை கட்டளை இடுகிறது, நரம்பு தூவுகிறது, தசை அசையவில்லை. இப்படிச் செயல்படும் நஞ்சை நரம்புநஞ்சு என்பார்கள்.

சிறிய தசைகள் முதலில் சோர்கின்றன. இமை தானாக மூடும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. பிறகு கழுத்து தொய்யும். கடைசியில் உதரவிதானமும் விலா இடைத் தசைகளும் நின்று மூச்சு அடங்கும். கடுமையான கடியில் இது அரை மணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிடலாம். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் இருக்கும். கவனிக்க வேண்டியது, கடிபட்டவருக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும்; இமையைத் திறக்க முடியாததால் மயங்கிவிட்டார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். அவர் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருக்கும்.

இங்கே இந்தியாவுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் பன்முக நச்சுமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. ராஜநாகம் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கான தனி மருந்தைத் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் தயாரிக்கிறது. எனவே இங்கே உயிரைக் காப்பது பெரும்பாலும் செயற்கைச் சுவாசம்தான். ஏற்பியை அடைத்த நஞ்சு உடலிலிருந்து நீங்கும் வரை மூச்சுக் கருவி நுரையீரலை இயக்கிக் கொடுத்தால், தசை மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்.

கடிபட்டால் செய்ய வேண்டியவை குறைவு, ஆனால் உடனே செய்ய வேண்டும். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகைத் துண்டோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108ஐ அழைக்கும்போதே பாம்புக்கடி, மூச்சுக் கருவி உள்ள மருத்துவமனை வேண்டும் என்று சொல்லுங்கள். மூச்சு நின்றுவிட்டால், மருத்துவமனை சேரும் வரை வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருங்கள்; நரம்புநஞ்சில் இது உயிர் காக்கும். இறுக்கிக் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுவர முயன்று இரண்டாமவரும் கடிபடுவது நடக்கிறது. தூரத்திலிருந்து ஒரு புகைப்படம் போதும்.

பயத்தை அளவோடு வைத்துக்கொள்ளவும் ஒரு கணக்கு இருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அந்த மரணங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் மேலே சொன்ன நான்கு பாம்புகள்தான், குறிப்பாகக் கண்ணாடிவிரியன். ராஜநாகக் கடி மிக அரிது. அதிலும் பாம்பைப் பிடித்து, வாலைத் தூக்கிக் காட்டி, முத்தமிட்டு வித்தை செய்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

கூடு கட்டும் ஒரே பாம்பு

பாம்புகள் பொந்திலோ சருகடியிலோ முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இலைகளைக் கூட்டிக் கூடு கட்டுவது ராஜநாகம் மட்டுமே. மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடை மழைக்கும் தென்மேற்குப் பருவமழைக்கும் இடைப்பட்ட காலம்தான் இதற்குப் பருவம்.

கையும் காலும் இல்லாமல் எப்படிக் கட்டுகிறது? பெண் பாம்பு உடலின் முன்பகுதியை வளையம்போல் வளைத்துச் சருகுக்குப் பின்னால் போடும். பிறகு அந்த வளையத்தை இழுத்துக்கொண்டு பின்வாங்கும். ஒரு முழங்கை அளவு சருகு கூடவே வரும். மூங்கில் சருகு கிடைத்தால் விரும்பிச் சேர்க்கும். இப்படித் திரும்பத் திரும்ப இழுத்துக் குவித்து, மேலே ஏறிச் சுருண்டு அழுத்தி இறுக்கும். குவியல் அடியில் 140 சென்டிமீட்டர் அகலமும் நடுவில் 55 சென்டிமீட்டர் உயரமும் வரை எழும். நடுவில் ஓர் அறை. அதில் பெரும்பாலும் 20 முதல் 30 முட்டைகள். சில கூடுகளில் 40ஐத் தாண்டியதும் உண்டு.

இந்தக் குவியலுக்கு இரண்டு வேலை. அகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. தரையில் கிடக்கும் முட்டை அழுகிவிடும். கூம்பாகக் குவிந்து இறுகிய சருகு மழைநீரை ஓலைக் கூரைபோல் வழியவிட்டு உள்ளறையை ஈரமேறாமல் காக்கிறது. இரண்டாவது, வெப்பம். சருகு மட்கும்போது சூடு பிறக்கும், தடித்த குவியல் அதை வெளியே விடாது. உள்ளே பெரும்பாலும் 28 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி அடித்தாலும் முட்டைக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை. கூட்டைக் கலைத்தால் கெடுவதும் இதுதான். மேல் சருகை ஒரு முறை பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அந்த இறுக்கம் வராது; அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

முட்டை பொரிய இரண்டு முதல் மூன்றரை மாதம் ஆகும். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் தாய் கூட்டின் மேலோ பக்கத்திலோ காவல் இருக்கும். குஞ்சுகள் வருவதற்கு முன்பே போய்விடும். பாம்பைத் தின்னும் பாம்பு என்பதால், குஞ்சைத் தின்றுவிடாமல் இருக்கவே விலகுகிறது என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கவர்ச்சியான விளக்கம்தான், ஆனால் ஊகம்.

எதிரில் வந்தால், வீட்டில் இருந்தால்

காட்டுப் பாதையில் கண்டால் நில்லுங்கள். பாம்பு எந்தப் பக்கம் போக நினைக்கிறது என்று பாருங்கள், அந்த வழியை மறிக்காதீர்கள். முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே மெதுவாகப் பின்வாங்குங்கள். திடீர் அசைவு வேண்டாம். அதன் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் இருந்தால் போதுமான பாதுகாப்பு. கல் எறிவதோ கம்பால் தள்ளுவதோ எச்சரிக்கையைக் கடியாக மாற்றும்.

வீட்டுக்குள் இருந்தால், குழந்தைகளையும் நாயையும் முதலில் வெளியேற்றுங்கள். நாய் குரைத்து மூலையில் நெருக்கினால்தான் நிலைமை கெடும். பாம்பு இருக்கும் அறையின் உள்கதவைச் சாத்தி, வெளிக்கதவைத் திறந்து வையுங்கள். கதவடியில் இடைவெளி இருந்தால் துணியால் அடையுங்கள். ஒருவர் மட்டும் தூரத்திலிருந்து அது எங்கே போகிறது என்று கவனிக்கட்டும். கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் தேடுவது இரட்டிப்பு வேலை. வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பல சமயம் ஆள்கள் வருவதற்குள் பாம்பு தானாகவே போயிருக்கும்.

பிடித்து எங்கோ ‘அடர்ந்த காட்டில்’ கொண்டுபோய் விடுவது நல்ல காரியமாகத் தெரியும். பிரச்சினை என்னவென்றால், அந்தப் பாம்புக்குத் தன் பரப்பில் இரை எங்கே, தண்ணீர் எங்கே, ஒளியும் பொந்து எங்கே என்பது தெரியும். புது இடத்தில் ஒன்றும் தெரியாது. அகும்பேயில் கருவி வைத்துக் கண்காணித்தபோது, இடம் மாற்றப்பட்ட பாம்பு ஓரிடத்தில் நிலைக்காமல் நெடுந்தூரம் அலைந்தது. அலையும் பாம்பு மேலும் பல ஊர்களையும் சாலைகளையும் கடக்கும். ஆகவே பிடிக்கத்தான் வேண்டும் என்றால், பிடித்த இடத்துக்கு அருகிலேயே உள்ள மறைவான இடத்தில் விடுவதுதான் சரி. வீட்டுப் பக்கம் எலி சேராமல் பார்த்துக்கொள்வது அதைவிட நிலையான தீர்வு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ராஜநாகத்தைக் கொல்வதும் பிடித்து வைத்திருப்பதும் குற்றம்.

தோட்டத்தில் கூடு தென்பட்டால் அந்த இடத்தைச் சுற்றி வேலையை நிறுத்திவிட்டு வனத்துறைக்குத் தெரிவியுங்கள். முட்டையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டாம். கூட்டை அப்படியே விட்டு, பொரியும் நாள் நெருங்கும்போது சுற்றி வலை கட்டி, குஞ்சுகளைச் சேகரித்துக் காட்டில் விடும் முறை அகும்பேப் பகுதியில் நடைமுறையில் உள்ளது. குஞ்சுகள் 40 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கறுப்பு உடலில் பளிச்சென்ற வெள்ளை அல்லது மஞ்சள் பட்டைகள் ஓடும். ஜூலை, ஆகஸ்டில் தேயிலைச் செடிக்கு அடியில் இவற்றைக் காண்பவர்கள் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். சிறியதுதானே என்று கையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்; முட்டையை விட்டு வெளியே வரும்போதே அவற்றுக்கு நஞ்சு இருக்கிறது.